கழற்றி எடுத்த சிரிப்பு

2019 மே மாதக் கடைசியில், பாகிஸ்தானிலிருந்து நடத்தப்படும் கட்டடப் பொறியியல் முகநூல் பக்கம் ஒன்று சுத்தியல் படம் ஒன்றைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழ் இளைஞர் ஒருவர் பெயரைச் சொன்னார். அதோடு விடவில்லை. ஜமீன் பங்களாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சொந்தக்காரப் பையனே இதைப் போட்டுவிட்டான், பாவம் மனிதர் என்றும் எழுதிவைத்தார். இப்போது அவருக்கு எப்படி இருக்கிறது என்று இன்னொருவர் விசாரித்தார். 29-ம் தேதிக்குள் நேசமணி பிழைத்து எழப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் மேலே ஏறிவிட்டது. மறுநாள் டெல்லியில் நரேந்திர மோடி இரண்டாம் முறையாகப் பிரதமர் பதவி ஏற்க இருந்தார். வட இந்தியச் செய்தியாளர்கள் அன்று யார் இந்த நேசமணி என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் யாரும் தேடவில்லை. சித்திக் இயக்கிய ‘ஃப்ரெண்ட்ஸ்’ 2001 பொங்கலுக்கு வந்த படம். விஜய், சூர்யா, ரமேஷ் கண்ணா மூவரும் நேசமணியாக வரும் வடிவேலுவிடம் பெயின்ட் வேலைக்குச் சேர்வார்கள். மேலேயிருந்து நழுவும் சுத்தியல் நேராக அவர் உச்சந்தலையில் விழும். படத்தின் மற்ற கதையைக் கேட்டால் பலருக்குத் தடுமாறும். அந்தப் பங்களாவில் என்னென்ன உடைந்தது என்று கேட்டால் வரிசையாகச் சொல்லுவார்கள். படம் வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் 2019-ல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் அந்தக் காட்சியை அவர்கள் எத்தனை முறை பார்த்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் முழுப்படத்தோடு சேர்த்துப் பார்த்தது ஓரிரு முறைதான் இருக்கும்.

காட்சி மட்டும் தனியே நடமாடுவது இணையம் கொண்டுவந்த பழக்கம் என்று நினைப்பது சரியல்ல. தமிழ் நகைச்சுவை தொடக்கத்திலிருந்தே கழற்றி எடுக்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இன்றும் நடக்கும் ‘வள்ளி திருமணம்’ போன்ற இசை நாடகங்களைப் பார்த்தால் இது விளங்கும். கதை தொடங்கும் முன்பே பபூன் மேடைக்கு வந்துவிடுவார். அவர் பேசுவதற்கும் முருகனுக்கும் வள்ளிக்கும் பெரிய சம்பந்தம் இராது. உள்ளூர் ஆள், விலைவாசி, மாமியார் மருமகள் என்று அவர் பாட்டுக்குப் பேசிக் கூட்டத்தை விழிக்கவைத்துவிட்டுப் போவார். அந்தப் பகுதியை அப்படியே எடுத்து வேறொரு நாடகத்தில் வைத்தாலும் பொருந்தும்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் இந்த மேடை மரபைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தார். 1936-ல் வந்த ‘சதி லீலாவதி’யிலேயே தன் நகைச்சுவைப் பகுதியைத் தானே எழுதிக்கொண்டவர் அவர். பிற்பாடு அவருக்கென்று ஒரு குழுவே இருந்தது, டி.ஏ.மதுரமும் அவருமாகத் தனியாக நடித்துக் கொடுக்கும் பகுதிகள் படத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். 1939-ல் ‘சிரிக்காதே’ என்ற பெயரில் குட்டிக் குட்டி நகைச்சுவைப் படங்கள் சிலவற்றை ஒன்றாகக் கோத்துத் திரையிட்டார்கள். இன்று யூட்யூபில் ஒரு மணி நேரக் காமெடித் தொகுப்பு போடுகிறவர் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். காமெடி டிராக் என்று கோடம்பாக்கத்தில் பெயர் வாங்கிய இந்த முறையைக் கதையோடு ஒட்டாத சினிமா என்று விமர்சகர்கள் பல காலம் குறை சொன்னார்கள். கலை நோக்கில் அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஒட்டாமைதான் பிறகு வந்த ஒவ்வொரு கருவிக்கும் வசதியாகப் போயிற்று.

முதலில் வந்தது காதுக்கான கருவி. ஏ.பி.நாகராஜனின் ‘திருவிளையாடல்’ 1965-ல் வெளிவந்தது. அதன் வசனம் இசைத்தட்டாக வந்து, கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று எங்கே குழாய் ஒலிபெருக்கி கட்டினாலும் ஓடியது. தருமியாக நாகேஷ் புலம்புவதும் இறைவனிடம் கேள்வி கேட்பதும் படம் பார்க்காதவர்களுக்கும் மனப்பாடம் ஆனது அப்படித்தான். வானொலியில் ஒலிச்சித்திரம் என்று ஒன்று இருந்தது: ஒரு படத்தின் வசனத்தையும் பாட்டையும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். இலங்கை வானொலியையும் விவிதபாரதியையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நாகேஷின் முகம் தெரியும் முன்பே குரல் தெரிந்திருந்தது.

எண்பதுகளில் கேசட் வந்தது. எஸ்.வி.சேகரின் நாடகங்கள் ஒலிநாடாவில் வீடு வீடாகப் போயின; கடன் வாங்கிய கேசட் திரும்பி வருவதற்குள் நாலு தெரு சுற்றியிருக்கும். கவுண்டமணி - செந்தில் காமெடிகளை மட்டும் தொகுத்த கேசட்டுகளும் விற்றன. வசதியிருந்த வீட்டு விசேஷங்களுக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். சண்டையும் அழுகையும் வரும்போது தூங்கிப்போன பிள்ளைகளைக் காமெடி வந்ததும் தட்டி எழுப்புவது அன்றைய பெரியவர்கள் செய்த சின்ன உபகாரம்.

1989-ல் கங்கை அமரன் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’ மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதன் வாழைப்பழக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு பழம் வாங்கி வரச் சொல்லுவார் கவுண்டமணி. செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றை மட்டும் கொண்டுவருவார். இரண்டில் ஒன்று இங்கே இருக்கிறது, இன்னொன்று எங்கே என்பது கேள்வி. அந்த இன்னொன்றுதான் இது என்பது பதில். கேள்வி மாறாது, பதிலும் மாறாது; கவுண்டமணியின் ரத்த அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். இதை ரசிக்க ராமராஜன் யார், கனகா யார் என்று தெரிய வேண்டியதில்லை. முன்கதை வேண்டாம், பின்கதையும் வேண்டாம். சில நிமிடத்தில் தொடங்கி, உச்சத்துக்குப் போய் முடிந்துவிடும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும், எழுபது வயதுத் தாத்தாவுக்கும் புரியும். கைப்பேசிக்கென்றே அளவெடுத்துத் தைத்த காட்சி அது. கைப்பேசிகள் ஊருக்குள் வருவதற்கு ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே தைத்து வைத்திருந்தார்கள்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் காமெடியைத் தனிச் சரக்காக்கியது 1993-ல் சன் டிவி வந்த பிறகான தனியார் அலைவரிசைகள்தான். அரை மணி நேர நிகழ்ச்சிகளாக ஓடியது போதாமல், 2009-ல் நாள் முழுக்கக் காமெடிக்கென்றே ஆதித்யா டிவி வந்தது. சிரிப்பொலியும் வந்து சேர்ந்தது. இதற்கு நடுவே 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒரு கோடிக்கும் மேலான வீடுகளுக்குப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தட்டில் சோற்றோடு டிவி முன்னால் உட்கார்ந்த ஒரு தலைமுறை இந்தக் காலத்துப் பிள்ளை. ‘வின்னர்’ கைப்புள்ளயும், ‘தலைநகரம்’ நாய் சேகரும், இருபத்து மூன்றாம் புலிகேசியும் அவர்களுக்குப் படக் கதாபாத்திரங்கள் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்துபோகும் மாமாக்கள்.

அதன்பிறகுதான் காட்சி கைக்கு வந்தது. இணையம் வழியாக அல்ல, ப்ளூடூத் வழியாக. 2000-களின் பின்பாதியில் எந்தப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலும் ஒரு செல்போன் கடை இருக்கும். மெமரி கார்டில் பாட்டு, காமெடி ஏற்றித் தரப்படும் என்று வெளியே எழுதிப் போட்டிருப்பார்கள். கடைக்காரரின் கணினியில் வடிவேலு, விவேக், கவுண்டமணி என்று தனித்தனி ஃபோல்டர். ஒருவர் காசு கொடுத்து ஏற்றி வந்தால் போதும், கல்லூரி முழுக்கப் பரவிவிடும். பெஞ்சின் மேல் இரண்டு போன்களை ஒட்டி வைப்பார்கள். ஒருவர் நாலு எண் சொல்ல, மற்றவர் அதையே அழுத்துவார், பெரும்பாலும் 1234. திரையில் ஒரு கோடு மெல்ல நகரும். அது முடியும்வரை இருவரும் இடத்தை விட்டு அசையக் கூடாது. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனால் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. வந்துசேரும் 3gp படம் கட்டம் கட்டமாகத் தெரியும், வடிவேலுவின் மீசை எங்கே, வாய் எங்கே என்று பிரிக்க முடியாது. சைனா செட்டின் பெரிய ஸ்பீக்கரில் குரல் மட்டும் கணீரென்று வரும். அதுவே போதுமாக இருந்தது, ஏனென்றால் முகம் எல்லோருக்கும் ஏற்கெனவே மனதில் இருந்தது.

பகிர்வது என்றால் பக்கத்தில் உட்கார்வது என்று இருந்த அந்தச் சில ஆண்டுகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கோப்பு போய்ச் சேரும்வரை பேச்சு ஓடும். எந்தப் படம், எங்கே பார்த்தது, அன்றைக்கு வீட்டில் என்ன ரகளை என்று. பிற்பாடு வாட்ஸ்ஆப் குழுக்களில் காட்சியோடு கூடவே வரத் தொடங்கிய பிள்ளைப்பிராய நினைவுகளுக்கு ஒத்திகை அங்கேதான் நடந்தது.

அடுத்து நடந்த ஒன்று விந்தையானது. 2011 சட்டமன்றத் தேர்தலில் பிரசாரம் செய்த பிறகு வடிவேலுவுக்குப் படங்கள் அருகிப்போயின. வருடத்துக்குப் பத்துப் படம் என்றிருந்தவரைத் திரையில் காண்பதே அரிதாயிற்று. அதே 2011-ல் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு வாழ்க்கையில் முதல் கணினி அதுதான். அதில் படம் வெட்டவும் எழுத்துப் போடவும் கற்றுக்கொண்டார்கள், மீம் பக்கங்கள் முளைத்தன. வெட்ட எடுத்த முகம், சிறுவயதில் பார்த்துச் சலிக்காத முகம். தேர்வு முடிவு, கிரிக்கெட் தோல்வி, பெட்ரோல் விலை, 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டம் என எதற்கும் வடிவேலுவிடம் ஒரு பார்வை இருந்தது. திரையில் அவர் இல்லாமல் இருந்த ஆண்டுகளில்தான் அவர் எங்கும் இருந்தார். 2010-க்குப் பிறகு பிறந்த குழந்தைகள் அவருடைய ஒரு படத்தையும் முழுதாகப் பார்க்காமலே அவரைப் போல நடந்து காட்டுகிறார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவின் விலையைத் தரைக்கு இறக்கியது. அதுவரை வைஃபை கிடைக்கும் இடம் தேடிப் போனவர்கள் வயல் வரப்பிலிருந்தே வீடியோ அனுப்பத் தொடங்கினார்கள். குடும்பக் குழு, பள்ளித் தோழர் குழு, துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களைச் சேர்த்த ஊர்க் குழு என எல்லாவற்றிலும் காலை வணக்கத்துக்கு அடுத்தபடி ஒரு காமெடி வந்துவிடும். அதோடு பழைய நினைவுகளும் வந்தன: தேன்மிட்டாய், பம்பரம், சிலேட்டுக் குச்சி, கேபிள்காரர் போடும் இரவுப் படம், சுட்டி டிவியில் தமிழ் பேசிய ஜாக்கிசான். தொண்ணூறுகளில் பிறந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு பொதுக் குழந்தைப் பருவத்தையே இப்படித் தொகுத்துக்கொண்டார்கள். தென்காசிக்காரருக்கும் திருத்தணிக்காரருக்கும் ஊர் வேறு, சாதி வேறு, வீட்டு வசதி வேறு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்தது ஒன்று. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு முன்பின் தெரியாதவர்களும் பேசிக்கொள்ள முடிந்தது.

அதே வழியில் நஞ்சும் வந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கூட்டம் அடித்தே கொன்றது. வாட்ஸ்ஆப் வதந்திகள் பரப்பிய பயம் அது. நாட்டின் பல பகுதிகளில் இப்படி உயிர்கள் போன பிறகு, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. சிரிப்பு வீடியோவுக்கும் அதே கட்டுப்பாடுதான்.

இத்தனை கைமாறியதில் காட்சிகள் பிழைத்தன, செய்தவர்கள் பெயர்கள்தான் வழியில் உதிர்ந்தன. குளத்திலிருந்து சொட்டச் சொட்ட எழுந்து வந்து, போலீஸ் கேட்டால் சொல்லிவிடாதே என்று வடிவேலுவிடம் கேட்டுக்கொள்ளும் ‘கண்ணும் கண்ணும்’ (2008) காட்சியை அனுப்பாத குழு இல்லை. அந்த முகம் போண்டா மணியுடையது. இலங்கையில் பிறந்து அகதியாக வந்தவர். சிறுநீரகம் செயலிழந்து அவதிப்பட்டு, 2023 டிசம்பரில் இறந்துபோனார். அவர் பெயர் பலருக்கு அன்றைய செய்தியில்தான் தெரிந்தது. வடிவேலுவைச் சுற்றி நின்று அடித்தும் அடிவாங்கியும் அந்தக் காட்சிகளைத் தாங்கிய அல்வா வாசு 2017-ல் மறைந்தபோதும் அப்படித்தான். வாழைப்பழக் காட்சியை எழுதிய ஏ.வீரப்பனின் பெயரோ அதைச் சொல்லிச் சிரிப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

காட்சியை வெட்டிப் பதிவேற்றுகிறவர்கள் தங்கள் பக்கத்தின் பெயரை நடுத்திரையில் பெரிதாகப் பொறிக்கிறார்கள். அதே இடத்தில் படத்தின் பெயர், வந்த ஆண்டு, நகைச்சுவையை எழுதியவர், கூட நடித்தவர்கள் என்று இரண்டு வரி போட அரை நிமிட வேலைகூட ஆகாது. சில பக்கங்களாவது அதைத் தொடங்க வேண்டும், கவுண்டமணி - செந்தில் காட்சிகளிலிருந்தே தொடங்கலாம். அவற்றுக்கு எழுதியவர்களை நேரில் அறிந்தவர்கள் கோடம்பாக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள், போய்க் கேட்டால் சொல்லுவார்கள்.