வரவு இருந்தால் பற்று எங்கே? கிரெடிட் கார்டு பரிசுகளின் கதை

சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் நம் குடியிருப்பு இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "மெயிண்டனன்ஸை கிரெடிட் கார்டில் கட்ட வசதி செய்து தரக்கூடாதா? மாதம் நாலாயிரம் ரூபாய்க்குப் பாயிண்ட் கிடைக்கும். சங்கத்துக்கு என்ன நஷ்டம்?" பலர் கை தட்டினார்கள். பொருளாளர் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க பேங்க்ல இருந்தவர், நீங்களே சொல்லுங்க" என்றார். அதற்குள் காபி வந்துவிட்டது. "அடுத்த இதழில் எழுதுகிறேன்" என்று சொல்லித் தப்பித்தேன். அந்தக் கடனை இங்கே அடைக்கிறேன்.

நான் அதிகாரி அல்ல, குமாஸ்தா. முப்பத்தைந்து வருடம் கவுண்டரிலும் லெட்ஜரிலும் காலம் தள்ளியவன். பி.காம். முதல் வருடத்தில் சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு பாடம்தான் அத்தனை வருடமும் கை கொடுத்தது. ஓர் இடத்தில் வரவு எழுதினால் இன்னோர் இடத்தில் பற்று எழுதியே ஆக வேண்டும். சாயங்காலம் பத்து ரூபாய் இடித்தாலும் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து தேடுவோம். அந்தப் பழக்கத்தில் கேட்கிறேன்: ரிவார்டு பாயிண்ட் என்று ஒரு வரவு நம் கணக்கில் விழுகிறதே, அதன் பற்று யார் கணக்கில்? இதற்கு விடை தேட அமெரிக்கா வரை போய்வர வேண்டும். ஏனென்றால் கார்டும் அங்கே பிறந்தது, பரிசும் அங்கே பிறந்தது.

முதலில் பிறந்தது பரிசுதான். 1896-ல் ஸ்பெர்ரி அண்டு ஹட்சின்சன் என்ற கம்பெனி பச்சை நிற ஸ்டாம்புகளை அச்சடித்துக் கடைக்காரர்களுக்கு விற்றது. கடைக்காரர் அதைச் சாமான் வாங்குகிறவர்களுக்கு இனாமாகக் கொடுப்பார். இல்லத்தரசிகள் அதைச் சின்னப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, அந்தக் கம்பெனியின் பரிசுக் கடையில் கொடுத்துப் பாத்திரமோ விளக்கோ வாங்கிக்கொள்வார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆரம்ப காலத்தில் இந்த ஸ்டாம்பு, கடன் சொல்லாமல் ரொக்கம் கொடுக்கிறவர்களுக்கான பரிசு. இன்றைக்கு நிலைமை தலைகீழ்: ரொக்கம் கொடுப்பவருக்கு ஒன்றுமில்லை, கடனில் வாங்குபவருக்குத்தான் பரிசு. ஆனால் அன்றே பற்று எங்கே என்பது தெளிவாக இருந்தது. ஸ்டாம்புக்குப் பணம் கொடுத்தவர் கடைக்காரர். அவர் அதைச் சாமான் விலையில் ஏற்றிவைத்தார்.

அடுத்தது 1950. நியூயார்க்கில் ஃபிராங்க் மெக்னமாராவும் ரால்ஃப் ஷ்னைடரும் டைனர்ஸ் கிளப் ஆரம்பித்தார்கள். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் பர்ஸ் இல்லை, அதனால் பிறந்த யோசனை என்று ஒரு கதை உண்டு. விளம்பரத்துக்காக மெருகேற்றிய கதை அது. நமக்கு வேண்டியது அதன் கணக்கு. அட்டையைக் காட்டிச் சாப்பிட்ட பில்லில் நூற்றுக்கு 7 டாலரை ஓட்டல்காரரிடம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். கடைக்காரரிடம் பிடிக்கும் இந்தப் பிடித்தம்தான் இன்று வரை கார்டு தொழிலின் அடிமடி. சதவீதம் குறைந்திருக்கிறது, முறை மாறவில்லை.

1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் 60,000 கார்டுகளை, யாரும் கேட்காமலேயே தபாலில் அனுப்பியது. பின்னாளில் விசா என்று பெயர் மாறியது இந்தக் கார்டுதான். நூற்றுக்கு 4 பேர் தவணை தவறுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 22 பேர் தவறினார்கள்! இப்படிக் கேட்காமல் அனுப்பும் வழக்கத்தை 1970-ல் அமெரிக்கச் சட்டம் தடை செய்தது. அந்த நாளில் பாயிண்ட் கிடையாது. கடன் கிடைப்பதே பரிசு.

பரிசு கொடுக்க வங்கிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் ஒரு கோர்ட் தீர்ப்பு குறுக்கிடுகிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் வட்டிக்கு உச்ச வரம்பு இருந்தது. ஒரு வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வட்டியை நாடு முழுக்க வாங்கலாம் என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெற்கு டகோட்டா மாநிலம் 1980-ல் வட்டி வரம்பை எடுத்தது. 1981-ல் சிட்டிபேங்க் தன் கார்டு தொழிலை மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போனது. இனி இரண்டு வருமானம்: கடைக்காரரின் பிடித்தம் ஒன்று, பாக்கி வைக்கிறவரின் வட்டி இன்னொன்று.

அதன் பிறகு பரிசுகள் புற்றீசல் போலக் கிளம்பின. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறந்த மைலுக்குப் புள்ளி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1987-ல் அது சிட்டிபேங்க்கோடு சேர்ந்தது. பறக்கவே வேண்டாம், காய்கறி வாங்கினாலும் டாலருக்கு ஒரு மைல். விமானக் கம்பெனி மைலை வங்கிக்கு விற்கிறது. வங்கி ரொக்கமாகக் காசு கொடுக்கிறது. எப்படியும் காலியாகப் போகிற இருக்கையை விமானக் கம்பெனி நமக்குக் கொடுக்கிறது. இருவருக்கும் லாபம்தான்.

1983-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வேறு ஒரு வழி கண்டது. கார்டைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் 1 சென்ட், புதிதாக ஒருவர் கார்டு வாங்கினால் 1 டாலர், சுதந்திர தேவி சிலையின் சீரமைப்புக்குப் போகும் என்றது. 17 லட்சம் டாலர் சேர்ந்தது. 1985-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒர்க்கிங் அசெட்ஸ் என்ற நிறுவனம், கார்டு தேய்க்கும் ஒவ்வொரு முறையும் 5 சென்ட்டைத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தது. எம்.பி.என்.ஏ. என்ற வங்கி, பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்கம், தொழில்முறைச் சங்கம் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனிக் கார்டு அச்சடித்தது. 1986-ல் சியர்ஸ் கடைக்காரர்கள் டிஸ்கவர் கார்டைக் கொண்டுவந்து, ஆண்டுக் கட்டணம் இல்லை, செலவில் ஒரு பங்கு ரொக்கமாகத் திரும்பும் என்றார்கள்.

1992-ல் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார்டு இன்னும் விசேஷம். வாங்குவதில் 5 சதவீதம், வருடத்துக்கு 500 டாலர் வரை, ஏழு வருடம் சேர்க்கலாம். ஆனால் அந்தப் பணத்தில் அவர்கள் கார்தான் வாங்க முடியும். வாடிக்கையாளர் பல வருடம் புள்ளி சேர்க்கிறார். அதை வீணாக்க மனசு வராமல் அதே கம்பெனி காரை வாங்குகிறார். ஃபோர்டும் மறு வருடம் இதைப் போலவே ஒன்றைச் சிட்டிபேங்க்கோடு சேர்ந்து ஆரம்பித்து, 1997-ல் சலுகையை முடித்துக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்த கதை நாணயக் கதை. அமெரிக்க அரசின் நாணயச் சாலை, 1 டாலர் நாணயத்தைப் புழக்கத்தில் விட ஆசைப்பட்டு, 2008-ல் ஒரு திட்டம் போட்டது. 250 டாலருக்கு 250 நாணயம், தபால் செலவு கிடையாது, கிரெடிட் கார்டிலும் வாங்கலாம். மைல் சேர்ப்பவர்கள் விடுவார்களா? ஆயிரக்கணக்கில் கார்டில் வாங்கினார்கள். பெட்டி வீட்டுக்கு வந்ததும் நேரே வங்கியில் போட்டுக் கார்டு பில்லைக் கட்டினார்கள். கைக்காசு ஒன்றும் செலவில்லை, மைல் மட்டும் மிச்சம். பிரிக்காத பெட்டிகள் வந்து குவிந்ததைப் பார்த்த வங்கிக்காரர்கள்தான் விழித்துக்கொண்டார்கள். கவுண்டரில் உட்கார்ந்து சில்லறை எண்ணியவன் என்ற முறையில் அவர்கள் பாடு எனக்குப் புரிகிறது. 2011 ஜூலையில் கார்டில் விற்பதை நிறுத்தினார்கள். அத்தனை பேர் இலவசமாகப் பறந்தார்களே, பற்று யார் தலையில்? கார்டு பிடித்தமும் தபால் செலவும் நாணயச் சாலையின் தலையில், அதாவது பொது மக்களின் கஜானாவில்.

நாணயச் சாலை கதையில் பற்று பளிச்சென்று தெரிகிறது. மளிகைக் கடையில் தெரியாது, ஆனால் அங்கேயும் இருக்கிறது. கடைக்காரர் பிடித்தத்தை விலையில் ஏற்றுகிறார். அந்த விலையைக் கார்டு இல்லாதவரும் கொடுக்கிறார். 2010-ல் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டார்கள். ரொக்கம் கொடுக்கும் ஒரு குடும்பம் வருடத்துக்குச் சராசரியாக 149 டாலரைக் கார்டு வைத்திருப்பவர்களுக்காக இழக்கிறது. கார்டு உபயோகிக்கும் ஒரு குடும்பத்துக்கு 1,133 டாலர் வந்து சேர்கிறது என்றார்கள். பொதுவாகக் கார்டுக்காரர் வசதியானவர், ரொக்கக்காரர் ஏழை. பணம் கீழிருந்து மேலே போகிறது. ஆஸ்திரேலியாவில் 2003-ல் ரிசர்வ் வங்கி, கடைக்காரரின் வங்கி கார்டு கொடுத்த வங்கிக்குத் தரும் பங்கைச் சுமார் 0.95 சதவீதத்திலிருந்து 0.55-க்குக் குறைத்தது. உடனே பாயிண்ட்களும் இளைத்துவிட்டன. பரிசு எந்தக் குழாயில் வருகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் நாட்டில் சென்ட்ரல் பேங்க் 1980-ல் கார்டு கொண்டுவந்தது. இன்று ரயில் டிக்கெட்டுக்கு ஒரு கார்டு, பெட்ரோலுக்கு ஒரு கார்டு என்று பர்ஸ் தடித்துவிட்டது. வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ மூலம் கொடுத்தால் ஏன் அப்படிப் பாயிண்ட் இல்லை என்று சிலர் கேட்கிறார்கள். 2020 ஜனவரி முதல் அதற்குக் கடைக்காரரிடம் பிடித்தம் கிடையாது. பிடித்தம் இல்லாத இடத்தில் பரிசு எப்படி முளைக்கும்?

ஊருக்கு உபதேசம் என்று நினைக்காதீர்கள். ஓய்வு பெற்ற மறு வருடம் நானும் ஒரு கார்டு வாங்கினேன். பாயிண்ட் சேர்த்து ஒரு ட்ராலி பேக் வாங்க ஆசை. சேர்ந்தது, பேக்கும் வந்தது. அதே மாதம் பேத்தியின் காதுகுத்து அமளியில் பில் கட்டும் தேதியைத் தவறவிட்டேன். தாமதக் கட்டணம், வட்டி, வட்டிக்கு ஜிஎஸ்டி. இங்கே கார்டு வட்டி பெரும்பாலும் மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம், வருடத்துக்கு அல்ல! கூட்டிப் பார்த்தால் அந்த பேக்கைக் கடையிலேயே வாங்கியிருக்கலாம். "முப்பத்தைந்து வருஷம் பேங்க்ல என்னதான் பண்ணினீங்க?" என்று என் மனைவி கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். ஓர் உதாரணக் கணக்கு. 120 வீடு, மாதம் 4,000 ரூபாய். பாதிப் பேர், அதாவது 60 பேர் கார்டில் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். பிடித்தம் 2 சதவீதம், அதைச் சங்கம் ஏற்கிறது. மாதம் 4,800 ரூபாய், வருடத்துக்கு 57,600. இதை 120 வீட்டுக்கும் பிரித்தால் வீட்டுக்கு 480 ரூபாய் மெயிண்டனன்ஸ் ஏறும். கார்டில் கட்டியவருக்கு 1 சதவீதப் பாயிண்ட் என்றால் வருடத்துக்குக் கிடைப்பது 480 ரூபாய். ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுத்ததுதான் மிச்சம். காசோலையில் கட்டுகிற மாமாவும், பேரனை விட்டு யூபிஐயில் கட்டச் சொல்லும் பாட்டியும் ஆளுக்கு 480 ரூபாய் சும்மா இழப்பார்கள். 120 பேரும் கார்டுக்கு மாறினாலோ இன்னும் மோசம்: ஆளுக்கு 960 கொடுத்து 480 வாங்குவோம். மீதி வங்கிக்கும் கார்டு கம்பெனிக்கும் இடைத்தரகருக்கும்.

ஆகவே கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில் இது. கார்டு வசதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் வரத் தாமதமாகிற மாதத்தில் அது ஒரு கைமாற்றுப் போல உதவும். ஆனால் கார்டில் கட்டுகிறவர் அதன் கட்டணத்தைத் தானே ஏற்க வேண்டும், சங்கத்தின் பொதுப் பணத்திலிருந்து ஒரு பைசா போகக்கூடாது. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவர எண்ணம். கணக்கில் தவறு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பூங்கா பெஞ்சில்தான் இருப்பேன். பேப்பரும் பேனாவும் என்னிடம் உண்டு.