2003 இல் யப்பான் கண்ட இரு துகள்கள்

புரோத்தன் மூன்று குவார்க்குகளால் ஆனது. மெசன் என்பது ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தது. இக்கொள்கையை 1964 இல் கெல்மான், சுவைக் ஆகிய இருவரும் தனித்தனியே வகுத்தனர். நான்கும் ஐந்துமாகக் குவார்க்குகள் கூடுதலும் இயலும் என்று கெல்மான் அப்போதே எழுதிவைத்தார். ஆயினும் அத்தகைய துகளை நெடுங்காலம் எவரும் ஐயமறக் கண்டிலர்.

2003 இல் யப்பானிலிருந்து இரு செய்திகள் வந்தன. இசுபிரிங்-8 ஆய்வுகூடத்தில் ஐந்து குவார்க்குகள் கூடிய 'தீற்றா' துகள் தென்பட்டது என்பது ஒன்று. ஏறத்தாழப் பத்து ஆய்வுக்குழுக்கள் தாமும் கண்டதாக ஒத்துரைத்தன. அமெரிக்காவின் யெபர்சன் ஆய்வுகூடக் குழுவும் அவற்றுள் ஒன்று. அதே குழு 2005 இல் பன்மடங்கு தரவுகளைத் திரட்டித் தேடியது. துகளின் சுவடும் இல்லை. முன்னர்க் கண்டவை மிகச் சில நிகழ்வுகளே. வரலாறு கற்ற எனக்கு, இத்தனை சாட்சிகள் ஒருங்கே பிழைத்தமைதான் பெருவியப்பு.

மற்றையது சுக்குபாவில் பெல் குழுவினர் எதிர்பாராது கண்ட துகள். 'எக்ஸ் 3872' என்னும் அது நிலைத்துவிட்டது. ஆனால் அது யாது? அதன் திணிவு இரு டி-மெசன்களின் கூட்டுத் திணிவோடு ஏறக்குறைய ஒத்திருத்தலால், அவ்விரண்டும் தளர்வாகப் பிணைந்ததே அது என்பர் ஒருசாரார். நான்கு குவார்க்குகள் இறுகிய ஒரே துகள் என்பர் வேறு சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை.

ஐங்குவார்க்குத் துகளோ 2015 இல் செனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் மெய்யாகவே அகப்பட்டது. இம்முறை தரவு பெருகியபோது அது மறையவில்லை. 2019 இல் ஒரு சிகரமே இரண்டாகப் பிரிந்து தோன்றியது.