ஷேவிங் பிரஷ்ஷில் வந்த அடைப்பான்

இன்னைக்கு எபிசோட் ஷேவிங் பிரஷ் பத்தி. "நல்ல நுரை வரணும்னா எந்த பிரஷ் வாங்கணும் அண்ணா?"ன்னு தர்மபுரியிலிருந்து சில தம்பிங்க கேட்டிருந்தாங்க. பதில் கண்டிப்பா சொல்றேன், ஆனா கடைசியில. ஏன்னா இந்தச் சின்னப் பொருளுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு. சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடி, புதுசா ஒரு பிரஷ் வாங்கி ஷேவ் செய்ததால் மட்டுமே சிலர் இறந்துபோனார்கள்.

முதலில் பிரஷ் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். நுரை என்பது சோப்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தது. பிரஷ்ஷின் மயிர்கள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சுழற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதோடு தாடி மயிரைத் தூக்கி நிறுத்தும். எந்த மயிர் அதிகம் தண்ணீர் பிடிக்குமோ, அதற்குத்தான் மதிப்பு. ஐரோப்பாவில் பேட்ஜர் மயிர் முதலிடம். தமிழில் இந்த விலங்கை வளைக்கரடி என்கிறார்கள். அடுத்து பன்றி மயிர், குதிரை மயிர்.

முதல் உலகப் போருக்கு முன்னால் நல்ல பேட்ஜர் மயிர் ரஷ்யாவிலிருந்து வந்தது. குதிரை மயிரை ரஷ்யா, சீனா, ஜப்பான் நாடுகள் ஏற்றுமதி செய்தன. இதில் ஒரு பகுதி ஜெர்மனி வழியாகப் போனது. அங்கே அதைச் சுத்தம் செய்து, கிருமி நீக்கி, பிறகு பிரஷ் செய்பவர்களுக்கு அனுப்பினார்கள். 1914-ல் போர் தொடங்கியதும் அந்தப் பாதை அடைபட்டது. பேட்ஜர் மயிர் கிடைக்கவில்லை. குதிரை மயிரையே பேட்ஜர் மாதிரி தோற்றம் வரும்படி கட்டி விற்க ஆரம்பித்தார்கள். அந்தக் குதிரை மயிரும் வேறு வழிகளில் நேரடியாக வந்தது. நடுவில் இருந்த கிருமி நீக்கும் படி காணாமல் போனது. அதோடு, பேட்ஜர் மாதிரி தெரிய வேண்டிய வெளிர் நிற மயிரைக் கொதிக்க வைத்தால் நிறம் மாறிவிடும். அதனால் அதை யாரும் கொதிக்க வைக்க விரும்பவில்லை.

அதே நேரத்தில் ஷேவ் செய்பவர்களின் எண்ணிக்கை திடீரென்று கூடியது. 1915-லிருந்து போர்க்களத்தில் விஷவாயு பெரிய அளவில் வந்துவிட்டது. வாயு முகமூடி முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டுமென்றால் தாடி இருக்கக் கூடாது. பிரிட்டிஷ் ராணுவத்தில் அதுவரை கட்டாயமாக இருந்த மீசைகூட 1916-ல் அவரவர் விருப்பம் என்று மாறியது. அமெரிக்க அரசு தன் வீரர்களுக்காக ஜில்லெட்டிடம் 35 லட்சம் ரேசர் வாங்கியது. ரேசர் போன இடத்துக்கெல்லாம் பிரஷ்ஷும் போகும் இல்லையா?

அந்த பிரஷ்ஷில்தான் ஆந்த்ராக்ஸ் இருந்தது. நம்ம ஊர்ல இதுக்குப் பேரு அடைப்பான். தர்மபுரிக்காரங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ஆலம்பாடி மாட்டுக்குப் பேர்போன மாவட்டம். அடைப்பான் வந்து மாடு செத்தால் அதை அறுக்கக் கூடாது, ஆழமாகக் குழி வெட்டி சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும்னு கால்நடை டாக்டர் சொல்லிக் கேட்டிருப்பீங்க. காரணம், இந்தக் கிருமி காற்றுப் பட்டால் ஸ்போர் என்ற கெட்டியான விதை மாதிரி வடிவத்துக்கு மாறிவிடும். அந்த ஸ்போர் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். 1876-ல் ராபர்ட் கோக் இதை நிரூபித்தார். செத்த குதிரையின் மயிரில் ஒட்டிய ஸ்போர் கப்பல் ஏறினாலும் சாகாது, சோப்பு நுரையிலும் சாகாது.

இப்ப முகத்துல என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கத்தி கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடுகிறது. பிரஷ் அதே இடத்தில் ஸ்போரை வட்டம் வட்டமாகத் தேய்த்து உள்ளே அனுப்புகிறது. சில நாளில் தாடையிலோ கழுத்திலோ ஒரு பரு. வலி இருக்காது. பிறகு நடுவில் கரி மாதிரி கறுத்துவிடும், சுற்றிலும் வீங்கும். ஆந்த்ராக்ஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே நிலக்கரி என்றுதான் அர்த்தம். தோலில் வரும் அடைப்பானுக்கு மருந்து கொடுக்காவிட்டால் நூற்றில் இருபது பேர் வரை இறக்கலாம். அப்போது பெனிசிலின் கிடையாது.

1915 வாக்கில் தொடங்கி 1920-களின் நடுப்பகுதிவரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படி வந்தது பதிவாகியிருக்கிறது. ராணுவ வீரர்களும் சாதாரண மக்களும் அதில் உண்டு. நோயாளிகளுக்கு இடையே இருந்த பொதுவான விஷயம், அண்மையில் வாங்கிய புது பிரஷ். பரிசோதனைக் கூடத்தில் பிரஷ்களை ஆராய்ந்தபோது கிருமி கிடைத்தது. 1920-ல் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதி செய்வதையே பிரிட்டன் தடை செய்தது.

இந்தத் தடைக்கு அடிப்படையாக இருந்தது 1919-ல் வந்த அடைப்பான் தடுப்புச் சட்டம். ஆனால் மயிரில் அடைப்பான் வரும் என்பது 1919-ல் கண்டுபிடித்த செய்தி இல்லை. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்ற ஊரின் ஆலைகளில் ஆட்டு ரோமத்தைத் தரம் பிரித்த தொழிலாளர்கள் திடீர் திடீரென்று செத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குக் காரணம் அடைப்பான்தான் என்று ஜான் ஹென்றி பெல் என்ற மருத்துவர் 1880 வாக்கிலேயே காட்டிவிட்டார். சட்டத்துக்கும் அதற்கும் இடையில் கிட்டத்தட்ட 40 வருஷம். நடுவில் ஆலைகளுக்கு விதிகள் வந்தன. ஆனால் மயிர் நாட்டுக்குள் நுழையும் இடத்திலேயே தடுக்கும் அதிகாரம் இந்தச் சட்டத்தோடுதான் வந்தது. பிரஷ் வாங்கியவர் இந்தச் சங்கிலியின் கடைசி ஆள். அவருக்கு ரொம்ப காலம் முன்பே, மயிரைக் கையால் பிரித்தவர் அதே நோயில் செத்திருந்தார்.

இந்தக் கதையில் இந்தியாவும் இருக்கிறது. ஐஎல்ஓ எனும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-ல் வாஷிங்டனில் முதல் மாநாட்டை நடத்தியது. இந்தியா அதன் தொடக்க உறுப்பினர். அங்கே நிறைவேறிய மூன்றாவது பரிந்துரையே அடைப்பான் தடுப்பு பற்றியது. ரோமத்தைக் கிருமி நீக்க வேண்டும் என்றது அது. 1921-ல் லிவர்பூலில் அதற்கென்றே ஒரு அரசு நிலையம் திறந்தார்கள். இந்தியாவிலிருந்து போன ஆட்டு மயிர் அங்கே சோப்பு நீரிலும் ஃபார்மலினிலும் குளித்த பிறகுதான் ஆலைக்குப் போக முடியும் என்று விதி வந்தது.

நான் சாஃப்ட்வேர் ஆள். எங்க வேலையில டிபென்டென்சின்னு ஒண்ணு உண்டு. நாம எழுதின கோட் சரியா இருக்கும். அது நம்பியிருக்கிற, வேற யாரோ எழுதின லைப்ரரி உள்ளே ஓட்டை இருக்கும். பிரஷ் கதையும் அதேதான். கைப்பிடி நல்லா இருந்தது, கட்டு நல்லா இருந்தது, நுரையும் நல்லா வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு படி மட்டும் போர் வந்ததால் கழன்றுபோனது. பொருளைத் தொட்டுப் பார்த்து யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது பயப்பட வேண்டுமா? பிரஷ்ஷைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்று கடையில் கிடைப்பதில் நிறைய நைலான் மாதிரி செயற்கை இழைதான். மாட்டு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. ராணிப்பேட்டையில் 1932-லிருந்து இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அடைப்பான் தடுப்பூசி தயாரிக்கிறது. நோய் வரும் பகுதிகளில் ஊசி முகாம் போட்டால் மாட்டைக் கூட்டிட்டுப் போங்க.

சரி, தம்பிங்க கேட்ட கேள்விக்கு வர்றேன். முதல் பிரஷ்னா செயற்கை இழையே வாங்குங்க. விலை குறைவு, சீக்கிரம் காயும், ஊற வைக்க வேண்டாம். பன்றி மயிர் பிரஷ் என்றால் இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வேண்டும். பிறகு தண்ணீரை உதறிவிட்டு, சோப்பில் அரை நிமிடம் சுழற்றி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்க வேண்டும். பெரிய குமிழி இருந்தால் இன்னும் வேலை பாக்கி. கெட்டித் தயிர் மாதிரி வந்தால் சரி. அடி மயிர் மடங்கும் அளவுக்கு முகத்தில் அழுத்தாதீங்க.

எவ்வளவு சுத்தினாலும் நுரை வரலைன்னா பிரஷ்ஷைத் திட்டாதீங்க, தண்ணியைப் பாருங்க. போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம் இருந்தால் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும். ஃபுளோரைடுக்காக வந்த ஒகேனக்கல் குடிநீர் உங்க வீட்டுக் குழாயில் வருதுன்னா, ஒரு டம்ளர் எடுத்து அதுல நுரைச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

முடிச்சதும் நல்லா அலசி, உதறி, காத்தோட்டமான இடத்தில் காய வைங்க. ஈரமாக டப்பாவுக்குள் மூடி வைக்காதீங்க. சலூனுக்குப் போனால் பிளேடு மாத்தச் சொல்லிக் கேட்கிறோம் இல்லையா, பிரஷ்ஷையும் நல்லா கழுவிட்டுப் போடுங்கண்ணான்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.