மழை பெய்யும் படம்

பழைய விஞ்ஞானப் படத் தட்டைப் போட்டாலே என் வீட்டில் "உங்க மழை பெய்யுற படமா?" என்று கேலி செய்வார்கள். அந்த மழைக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

1927 ஜனவரியில் பெர்லினில் வெளியான ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' சுமார் இரண்டரை மணி நேரம் ஓடியது. சில மாதங்களிலேயே வெட்டிவிட்டார்கள். வெட்டியதில் பெரும்பகுதி போயே போச்சு என்றுதான் எண்பது வருஷம் நம்பினோம். மிச்சத்தை 2001-இல் ஜெர்மனியில் புதுப்பித்தார்கள். டிவிடியில் பார்த்தால் நேற்று எடுத்த படம் மாதிரி பளிச்சென்று இருந்தது.

2008-இல் புவனோஸ் அயர்ஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய முழுப் பிரதி அகப்பட்டது. ஆனால் அது 16 எம்.எம்.! ஓடித் தேய்ந்த 35 எம்.எம். பிரதியிலிருந்து எடுத்தது. பழைய கீறல்கள் பிம்பத்தோடேயே பதிந்துவிட்டன, துடைத்தால் போகாது. ஓரமும் வெட்டுப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர் வைத்தும் ஓரளவுதான் தேறியது.

2010-இல் வந்த புளூ-ரேயில் அந்த 25 நிமிஷக் காட்சிகள் வரும்போது ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியும், மழையும் கொட்டும். பெரிதாக்கி நிரப்பி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை, நல்ல வேளை! எந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று கண்ணுக்கே தெரிகிறது. முதலாளி மகனோடு உடை மாற்றிக்கொண்டு காரில் ஏறிய 11811-ஆம் எண் தொழிலாளி வழியில் என்ன ஆனான் என்பது அந்த மழைக்குள்தான் இருக்கிறது.