சுக்கானின் கதை



மோட்டார் வண்டியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் இயந்திரத்தின் வலுவையும் வேகத்தையும் பற்றியே பேசுவர். சாரதியின் கைக்கும் முன்சில்லுகளுக்கும் இடையே நின்று தொழிற்படும் சுக்கானைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. வன்னிப் பெருநிலத்தில் பழைய கார்களைப் பேணி வருவோர் அடிக்கடி கூறும் முறைப்பாடு, "சுக்கான் பாரமாக இருக்கிறது" என்பதாகும். அப்பாரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

வண்டிகள் பெருத்து, ரயர்களும் அகன்றபோது, அவற்றைத் திருப்புவதற்கு மனிதக் கைவலு போதாதாயிற்று. அமெரிக்காவிலே பியேர்ஸ் அரோ நிறுவனத்தின் லொறிப் பிரிவில் பணியாற்றிய பிரான்சிஸ் டேவிஸ் என்னும் பொறியியலாளர், எண்ணெயின் அழுத்தத்தால் சுக்கானுக்குத் துணைவலு அளிக்கும் முறையை 1920களில் ஆக்கினார். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் அதனை ஆராய்ந்து, செலவு மிகுதி எனக் கருதி 1934ஆம் ஆண்டளவில் கைவிட்டது. இரண்டாம் உலகப் போரின் கவச வண்டிகளே அதற்கு மறுவாழ்வு அளித்தன. 1951ஆம் ஆண்டில் கிறைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில் அது பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது.

ஆயினும், அக்காலத்தில் இலங்கைத் தெருக்களில் மிகுதியாக ஓடியவை சிறிய ஆங்கிலக் கார்களே. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரில் பற்சட்டமும் பற்சில்லும் கொண்ட எளிய சுக்கானே இருந்தது. ஒஸ்ரின் ஏ40 காரிலும் துணைவலு இல்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை, இருந்த வண்டியைப் பேணுவதன்றி வேறு வழியில்லை. எனவே தந்தையின் கார் மைந்தனுக்கு உரியதாயிற்று.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்திலே அக்கார்களுக்குப் பெருஞ்சோதனை வந்தது. பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்குரிய தாய்மாரையும் வைத்தியசாலை சேர்த்ததில் அவ்வண்டிகளுக்குப் பெரும் பங்குண்டு. குண்டும் குழியுமான தெருவில், அவர்களுடைய உயிர் சாரதியின் கையிலிருந்த சுக்கானையே நம்பியிருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தை நினைவிற் கொள்ளல் வேண்டும். மொறிஸ் மைனரின் முன்சில்லு, மரையுள்ள ஒரு மூட்டில் நின்றே திரும்புகின்றது. அதற்குக் காலந்தவறாது கிறீஸ் ஏற்றாவிடின் மரை தேயும்; முற்றாகத் தேய்ந்தால் சில்லு வண்டியின் கீழ் மடிந்து சாயும். அதற்குமுன் சுக்கான் பாரமாகி எச்சரிப்பதும் உண்டு. ஆகவே பாரம் என்பது வெறுந்தொல்லையன்று. செவிமடுக்க வேண்டிய செய்தியுமாகும்.

அச்செய்தியைப் படிப்பதற்கு ஒழுங்கு வேண்டும். முதலில் ரயரின் காற்றை அளந்து பார்க்க. அடுத்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் வைத்துச் சுக்கானைத் திருப்புக. அப்பொழுதும் இறுக்கமாயின் குற்றம் மூட்டுகளிலோ சுக்கான் பெட்டியிலோ உள்ளது. இலகுவாகத் திரும்பின், ரயரையும் சில்லுகளின் நேரமைப்பையும், துணைவலு உள்ள வண்டியாயின் அதன் பம்பியையும் ஐயுறுக.

துணைவலுச் சுக்கானில் எண்ணெய் மட்டம், பட்டியின் இறுக்கம், குழாய்க் கசிவு ஆகிய மூன்றையும் முறையே நோக்குக. எண்ணெய் நுரைத்து, திருப்பும்போது முனகல் எழுந்தால் காற்றுப் புகுந்திருக்கலாம். எண்ணெய் குறைந்தால் நிரப்புவது மட்டும் பரிகாரமாகாது. அது எங்கே சென்றது என்று காணல் வேண்டும். உற்பத்தியாளர் குறித்த எண்ணெயையே இடுக. சுக்கானைக் கடைக்கோடிவரை திருப்பி நெடுநேரம் பிடித்திருத்தலும் பம்பிக்குக் கேடாகும். இவையெல்லாம் பார்த்தபின்னரே பம்பியைக் கழற்ற முற்படுக.

இன்று வன்னியில் ஓடும் வண்டிகள் பலவற்றில் துணைவலு உண்டு. விரலாற் திருப்பினும் சில்லு திரும்புகின்றது. ஆனால் அவ்விலகு, தேய்ந்த மூட்டின் இறுக்கத்தைச் சாரதியின் கைக்கு மறைத்துவிடுவதும் உண்டு. துணைவலுவற்ற சுக்கானைப் பிடித்துப் பழகியோர், கையில் எழும் சிறு மாற்றத்தைக்கொண்டே குற்றத்தை அறிந்தனர். அவ்வறிவு பெரும்பாலும் நூலில் எழுதப்படவில்லை. கராச்சுகளில் முதியோரின் கைகளிலேயே தங்கியுள்ளது. இளைஞர் அவர்களிடம் சென்று கேட்டு, குறித்து வைத்தல் வேண்டும். பழைய கார் ஒன்றைப் பேணுவதினும், அதனைப் பேணத் தெரிந்தவரின் அறிவைப் பேணுதல் அவசரமான பணியாகும்.