விரலால் தள்ள வேண்டாத குட்டி இன்ஜின்

இன்னைக்கு எபிசோடை ஒரு ஜோக்கோட ஆரம்பிக்கிறேன்.

நீராவி இன்ஜின்களைச் சக்கரக் கணக்கு வைத்துக் குறிப்பார்கள். 0-6-0 என்றால் முன்னால் துணைச் சக்கரம் இல்லை, நடுவில் இழுக்கும் சக்கரம் ஆறு, பின்னாலும் எதுவும் இல்லை. அமெரிக்க மாடல் ரயில் ஆர்வலர்களைக் கேட்டால் 0-5-0 என்று இன்னொரு இன்ஜினையும் சொல்வார்கள். அதென்ன ஒற்றைப்படையில் சக்கரம்? சக்கரம் இல்லைங்க, அஞ்சு விரல்! ஓடிட்டிருந்த குட்டி இன்ஜின் நடுவழியில நின்னுபோனா, மேலேர்ந்து ஒரு கை வந்து லேசா தள்ளிவிடும். அந்தக் கைக்குத்தான் இந்தப் பேர்.

அந்தக் கை அதிகமாக வேலை செய்வது ஷண்டிங் இன்ஜின்களிடம்தான். யார்டில் வேகன்களை முன்னும் பின்னும் தள்ளிப் பிரித்து வைக்கிற இன்ஜின் அது. அமெரிக்காவில் இதை ஸ்விட்ச்சர் என்பார்கள். சின்ன ஸ்கேலில் மாடல் ஓட்டுகிற கூட்டம் பல வருஷமாக ஒரே கோரிக்கையை வைத்துக்கொண்டே இருக்கிறது: "எங்களுக்கு நல்லா ஓடுற புது டீசல் ஸ்விட்ச்சர் ஒண்ணு பண்ணிக் கொடுங்க." பெரிய பெரிய இன்ஜினெல்லாம் அழகா வருது. சின்னதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தவம்?

முதல்ல நிஜ இன்ஜினைப் பார்ப்போம். அமெரிக்காவில் டீசல் முதலில் ஜெயித்ததே ஷண்டிங்கில்தான். நியூயார்க் நகரத்துக்குள் நீராவி இன்ஜின் புகை விடக் கூடாது என்று 1923-ல் காஃப்மன் சட்டம் வந்தது. அதையொட்டி, 1925-ல் சென்ட்ரல் ரயில்ரோட் ஆஃப் நியூ ஜெர்சி நிறுவனம் தன் பிராங்க்ஸ் யார்டுக்கு 1000 என்ற எண்ணுள்ள டீசல்-எலெக்ட்ரிக் இன்ஜினை வாங்கியது. வெறும் 300 குதிரைத்திறன். 1957 வரை வேலை பார்த்தது. இன்று பால்டிமோர் ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்புறம் 1939-ல் என்டபிள்யூ-2 வந்தது. 1,000 குதிரைத்திறன். பத்து வருஷத்தில் ஆயிரத்துக்கும் மேல் தயாரானது. இதன் உருவத்தைக் கவனியுங்கள்: ஒரு ஓரத்தில் கேபின், அதிலிருந்து நீளும் ஒல்லியான இன்ஜின் பெட்டி, இரண்டு பக்கமும் நடைபாதை. பெட்டி ஏன் ஒல்லி? வேகன்களுக்கு நடுவில் நிற்கிற ஆள் கை காட்டுவது டிரைவருக்குத் தெரிய வேண்டும். யார்டில் அது உயிர் போகிற விஷயம். நிஜத்தில் உயிரைக் காப்பாற்றிய அந்த ஒல்லி உடம்புதான் மாடல் செய்கிறவர்களுக்குத் தலைவலி ஆனது.

ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரத்து ஆர்னால்ட் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் ரயில்களைக் கொண்டுவந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 'என்' ஸ்கேல். "என் ஸ்கேல்"னா என்னோட ஸ்கேல் இல்லை! ஆங்கிலத்தில் நைன், ஜெர்மனில் நாயின், பிரெஞ்சில் நஃப். ஒன்பதுக்கான இந்த மூன்று சொல்லுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான். இந்த ஸ்கேலில் நிஜத்தின் நீளத்தை 160-ஆல் வகுக்க வேண்டும். பதின்மூன்றரை மீட்டர் என்டபிள்யூ-2, எட்டரை சென்டிமீட்டர் ஆகிவிடும். ஒல்லிப் பெட்டியின் அகலம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். அதற்குள் மோட்டார், கியர், எடை எல்லாம் அடங்க வேண்டும்.

மோட்டார் உள்ளே நுழையவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? பிரிட்டிஷ்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். அவர்கள் ஊர் ரயில்கள் நிஜத்திலேயே ஐரோப்பிய ரயில்களைவிட ஒடுக்கமானவை. அதனால் தண்டவாளத்தை 9 மில்லிமீட்டராகவே வைத்துக்கொண்டு, மேலே இருக்கும் உடம்பை மட்டும் 1:148 என்று கொஞ்சம் பெரிதாக்கினார்கள். அதற்கு முன்பே 'டபுள் ஓ' ஸ்கேலிலும் இதே கதைதான். கணக்குப்படி 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய தண்டவாளம் இன்றுவரை 16.5-தான். அன்றைக்கு மோட்டார் பெரிசு; இன்றைக்கு மோட்டார் சின்னதாயிடுச்சு, ஆனா தண்டவாளம் மாறலை. மாத்தினா எல்லார் வீட்டு ரயிலும் வேஸ்ட். சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது புதுசில்ல. பேக்வேர்ட் கம்பேட்டிபிலிட்டி!

சரி, மோட்டாரை எப்படியோ நுழைச்சாச்சு. இப்போ நிஜமான பிரச்சினை. நீளம் 160 மடங்கு குறைந்தால் எடை 160-ன் மூன்றாம் அடுக்கு குறையும். அதாவது சுமார் 41 லட்சம் மடங்கு. 110 டன்னுக்கும் மேலான என்டபிள்யூ-2 அதே விகிதத்தில் சுருங்கினால் 27 கிராம்தான். உள்ளே உலோகச் சட்டம் வைத்து எடையைக் கூட்டுகிறார்கள். அப்படியும் இது ஒரு லேசான பொருள்தான். இழுவைத் திறன் வருவது எடையிலிருந்து. தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கச் சக்கரம் அழுத்தமாக உட்கார வேண்டும், அதற்கும் எடைதான். ஆனால் தூசி 1:160-க்குச் சுருங்காது. உங்க ரூம் தூசி அதே சைஸ்லதான் இருக்கும். எட்டுச் சக்கரத்தில் ரெண்டு அழுக்கானாலே இன்ஜின் தடுமாறும்.

இதோட வேகத்தையும் சேருங்க. யார்டில் மணிக்கு 8 கிலோமீட்டர் போகிற இன்ஜின், 'என்' ஸ்கேலில் வினாடிக்கு 1.4 சென்டிமீட்டர்தான் நகர வேண்டும். எறும்பு மாதிரி. மெயின் லைன் மாடல் வேகமாகப் போவதால் சின்ன அழுக்குப் புள்ளியை ஓட்டத்திலேயே தாண்டிவிடும். ஷண்டிங் இன்ஜினுக்கு அந்த ஓட்டம் கிடையாது. மெதுவாகப் போய் அந்தப் புள்ளி மேலேயே நின்றுவிடும்.

1990களில் டிசிசி வந்தது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்தின் முறையை அடிப்படையாக வைத்து அமெரிக்க மாடல் ரயில் சங்கம் அதை ஸ்டாண்டர்ட் ஆக்கியது. தண்டவாளத்தில் மின்சாரத்தோடு டேட்டாவும் போகும், இன்ஜினுக்குள் இருக்கும் சிப் அதைப் படிக்கும். அருமையான விஷயம். ஆனா கரண்ட் ஒரு கணம் போனா சிப் ரீபூட் ஆகும். அதைத் தடுக்க ஒரு கெபாசிட்டர் வேணும். சத்தம் வரணும்னா ஸ்பீக்கர் வேணும். இதெல்லாம் அதே ஒரு சென்டிமீட்டர் பெட்டிக்குள்ள! இன்ஜின் சிறுசாக இருக்க வேண்டும் என்பதும், உள்ளே எல்லாம் இருக்க வேண்டும் என்பதும் ஒரே ஆளின் ஆசைதான். அதனால்தான் பழைய மாடல் இருந்தாலும் புதுசு கேட்கிறார்கள். ஜப்பானின் காட்டோ 1990களில் கொண்டுவந்த என்டபிள்யூ-2 நல்ல மாடல்தான். ஆனால் அது இந்த எதிர்பார்ப்பெல்லாம் வருவதற்கு முன்னால் பிறந்தது.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் ஸ்விட்ச்சர்? இங்கதான் எனக்கு விஷயமே புரிஞ்சது. மெயின் லைன் ரயில் ஓட்ட நீண்ட தடம் வேண்டும், ஒரு முழு அறை வேண்டும். ஷண்டிங்குக்கு ஒரு புத்தக அலமாரித் தட்டு போதும். பிரிட்டனில் ஆலன் ரைட் வடிவமைத்த இங்கிள்நுக் என்ற புதிர் இருக்கிறது. மூன்று தடங்கள். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. இழுத்து மாற்றும் தடத்தில் இன்ஜினும் மூன்று வேகனும்தான் நிற்கும். எட்டு வேகனில் ஐந்தைச் சீட்டுப் போட்டு எடுத்து, அதே வரிசையில் நிறுத்த வேண்டும். மொத்தம் 6,720 வரிசைகள் வரும். 'என்' ஸ்கேலில் இதற்கு ஒரு மீட்டர் பலகை போதும். வாடகை வீட்டில் ஒரு ரூமில் இருக்கிறவனுக்கு இந்தப் பொழுதுபோக்கின் வாசலே அந்த ஒரு மீட்டர்தான். அந்த வாசலுக்குச் சாவி ஒரு ஸ்விட்ச்சர்.

தயாரிப்பாளர் பக்கமும் பாருங்க. பிளாஸ்டிக் உடம்பு வார்க்க எஃகு அச்சு செய்ய வேண்டும். இன்ஜின் சின்னது என்பதற்காக அந்தச் செலவு பெரிதாகக் குறைந்துவிடாது. ஆனால் "இத்தனூண்டுக்கு இவ்வளவு விலையா?" என்று வாங்குகிறவர் கேட்பார். மெயின் லைன் சரக்கு ரயிலுக்கு மூணு இன்ஜின் கோத்து ஓட்டுவார்கள், அதனால் மூன்று விற்கும். ஷண்டிங்குக்கு ஒன்று போதும். ஆக, சத்தமாகக் கேட்கிறவர்கள் ஆளுக்கு ஒன்றுதான் வாங்குவார்கள். முன்பதிவு பார்த்து ஒரு தொகுதி மட்டும் தயாரித்து நிறுத்துகிற இந்தக் காலத்தில், ஒரு மாடல் கடைக்கு வராமலே போகக் காரணம் அது போதும்.

எனக்கு இதில் உறுத்துவது இதுதான். கம்பெனிக் கணக்கில் லாபம் குறைவான பொருள்தான், புதுசா வருகிறவனுக்கு முதலில் தேவைப்படும் பொருள். இடமும் பணமும் உள்ளவர்களுக்கே எல்லாமும் வந்துகொண்டிருந்தால், இன்னும் இருபது வருஷம் கழித்து யார் வாங்குவார்கள்?

என்கிட்டயும் ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்விட்ச்சர் இருக்கு. பாயிண்ட்டுக்குப் பாயிண்ட் நிக்கும், நானும் 0-5-0 ஓட்டிட்டிருந்தேன். போன மாசம் சக்கரத்தைத் துடைச்சு, கேபினுக்குள்ள ஒரு கெபாசிட்டரைக் கஷ்டப்பட்டு சால்டர் பண்ணினேன். நேத்து ராத்திரி மூணு பாயிண்ட்டை அதுவாவே தாண்டிப் போச்சு. கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்த்தேன்.

6,720-ல இதுவரை பதினொண்ணு முடிச்சிருக்கேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே!