மதிலில்லாத மறியலும் பணமில்லாதார் சிறையும்

திருக்கோணமலைத் துறைமுகத்தின் தெற்கே விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவில், 1660ஆம் ஆண்டு, புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவன் உட்படப் பதினாறு பேரைக் கரையில் பிடித்துச் சென்றனர். அவர்களுள் ஒருவனே தலைவனின் மகன் இராபர்ட் நொக்ஸ். 1679இல் அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரிடம் தப்பிச் சேர்ந்து, 1681இல் அவன் வெளியிட்ட நூலை வரலாறு பயிலும் மாணவர் அறிவர்.

அந்நூலில் நம் கவனத்தை ஈர்ப்பது ஒன்றுண்டு. ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் கைதியாக இருந்தவன் சிறைக்கூடத்தில் அடைபட்டிருக்கவில்லை. கைதிகள் ஊர் ஊராகப் பிரித்து விடப்பட்டனர்; அவர்களுக்குச் சோறிடுவது ஊராரின் கடமையாயிற்று. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றான். நெல்லைக் கடன் கொடுத்து வட்டிக்கு வாங்கினான். தனக்கென வீடும் அமைத்துக் கொண்டான்.

இதைக் கொண்டு பழைய ஆட்சியைப் பொற்காலமெனப் போற்றப் புறப்படுவோர் நம்மிடையே உண்டு. குற்றவாளிகளை யானையைக் கொண்டு கொல்வித்த வழக்கத்தையும் அதே நூல் கூறுகிறது என்பதை அவர்கள் மறந்து விடுகின்றனர். மதில் தேவைப்படாமற் போனமைக்குக் கருணை காரணமன்று. நிலத்தோடும் ராஜகாரியத்தோடும் பிறப்பிலேயே கட்டுண்ட குடிகளை ஆண்ட அரசுக்கு, ஊரே காவலாக இருந்தது.

பின்னர் வந்த ஆங்கில ஆட்சியோ தன்னை மனிதாபிமானத்தின் தூதனாக அறிவித்துக் கொண்டது. 1799இல் சித்திரவதையை ஒழித்தது. 1832இல் ராஜகாரியத்தை நீக்கியது. ஆனால் 1841இல் வெலிக்கடைச் சிறை எழுந்தது. ராஜகாரியம் ஒழிந்த பதினாறாம் ஆண்டில், 1848ஆம் ஆண்டின் தெருச் சட்டம், வயது வந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும் என விதித்தது. உழைப்பா, காசா என்ற இந்தக் கணக்கை வாசகர்கள் மனத்தில் இருத்துவாராக. காசுள்ளவன் காசைக் கொடுத்து விட்டுப் போனான். இல்லாதவன் தெருவில் கல் சுமந்தான். 1877இல் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டமும், 1883இல் தண்டனைச் சட்டக்கோவையும் வந்தன. கொழும்பு, கண்டி போலத் திருக்கோணமலையும் மறியற்சாலை கொண்ட நகரமாயிற்று.

சிறைக்கு மாற்றுத் தேடிய முயற்சி அரசாங்க மாளிகையில் தோன்றியதன்று. 1841இல், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், சப்பாத்துத் தைக்கும் ஜோன் ஒகஸ்ரஸ் என்பவர், குடித்த குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நின்ற ஒருவனுக்குத் தாமே பிணை நின்று, அவனைத் திருத்தித் திரும்ப அழைத்து வந்தார். 1859இல் மறையுமுன் ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு அவர் இவ்வாறு துணை நின்றார். மசசூசெற்ஸ் அரசு அதனைச் சட்டமாக்கியது 1878இல். பெல்ஜியம் 1888இலும் பிரான்சு 1891இலும் ஒத்திவைத்த தண்டனையை ஏற்றன. இங்கிலாந்தின் நன்னடத்தைச் சட்டம் 1907இல் வந்தது. சென்னை மாகாணத்துக்கு 1936இலும் இலங்கைக்கு 1944இலுமே அது எட்டிற்று. தூக்குமரத்தைக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்புவதில் இத்தனை தாமதம் ஏற்பட்டதில்லை.

இலங்கையின் கதையில் 1979ஆம் ஆண்டு விசேடமானது. அவ்வாண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், ஒத்திவைத்த சிறைத்தண்டனை, நிபந்தனையுடன் விடுவித்தல், சமுதாய சேவைக் கட்டளை ஆகியவற்றை நீதவானின் கையில் வைத்தது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமே பயங்கரவாதத் தடைச் சட்டம். விசாரணையின்றிப் பதினெட்டு மாதம் வரை ஒருவரைத் தடுத்து வைக்க அது இடமளித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமே அதைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது. ஒரே பாராளுமன்றம், ஒரே ஆண்டில், ஒரு கையால் சிறைக் கதவைத் திறந்து மறுகையால் வேறொரு கதவை அடைத்தது. 1983 ஜூலையில், வெலிக்கடையில், இரு நாட்களில் ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். 2015 நவம்பரில், காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான ஐக்கிய நாடுகள் செயற்குழு, திருக்கோணமலைக் கடற்படைத் தளத்தினுள் இரகசியத் தடுப்பிடம் ஒன்றைப் பார்வையிட்டது. 1957இல் ஆங்கிலேயர் இந்நாட்டிடம் கையளித்துச் சென்ற தளம் அது. நொக்ஸ் எங்கே இருக்கிறான் என்பதைச் சோறிட்ட ஊர் அறிந்திருந்தது. இரகசியத் தடுப்பிடத்தில் இருந்தவர் எங்கே என்பதைப் பெற்ற தாயும் அறியாள்.

அரசியற் கைதியின் நிலை இதுவாயின், சாதாரணக் குற்றவாளியின் நிலை யாது? 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் பிணை வழங்கலே விதி, மறுத்தலே விலக்கு என்றது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் சமுதாயஞ்சார் சீர்திருத்தத்துக்கெனத் தனியமைப்பையே உண்டாக்கியது. குற்றவாளி தன் வீட்டிலிருந்து, தொழிலை விடாது, கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ விதிக்கப்பட்ட மணிநேரம் வேலை செய்து தண்டனையைக் கழிக்கலாம். குறை கூற இடமில்லாத ஏற்பாடு இது. ஆயினும் விளக்கமறியலில் புகுவோரின் தொகை தண்டனை பெற்றுப் புகுவோரின் தொகையை விஞ்சியே நிற்கிறது. தண்டனைக் கைதிகளிலும், பல ஆண்டுகளில், பாதிக்கு மேற்பட்டோர் தண்டப்பணம் கட்டத் தவறியவர்களே. நீதவான் அவர்களைச் சிறைக்கு அனுப்ப எண்ணவில்லை, பணமே விதித்தார். பணமின்மை அவர்களைச் சிறைக்கு அனுப்பிற்று.

திருக்கோணமலைக் கடற்கரையில் இதன் பொருள் எளிதில் விளங்கும். கசிப்பு வைத்திருந்ததற்காக, ஒரே நாளில், ஒரே தொகை இருவருக்கு விதிக்கப்படுகிறதென்று கொள்வோம். ஒருவர் கரைவலைச் சம்மாட்டி. மற்றவர் அவ்வலையை இழுக்கும் கூலியாள். சம்மாட்டி கட்டிவிட்டு மாலைக்குள் வீடு சேர்வார். கூலியாளோ வாடைக்காற்றுக் காலத்தில், கடல் கொந்தளித்துத் தொழில் நின்றிருக்கும் மாதங்களில் அகப்பட்டாராயின், அரசாங்கச் செலவில் உண்டு, மறியலில் கிடப்பார், வீட்டில் அடுப்பெரியாது. தண்டப்பணமாக வரவேண்டிய தொகையும் அரசுக்கு வராது. கைதியின் சோற்றுச் செலவு வேறு.

இதற்கு மாற்று அறியப்படாததன்று. பின்லாந்து 1921இலும் சுவீடன் 1931இலும் நாட்கூலித் தண்டம் என்னும் முறையைச் சட்டமாக்கின. அங்கே குற்றத்தின் கடுமை நாட்களின் எண்ணிக்கையால் அளக்கப்படும். ஒரு நாளுக்குரிய தொகையோ குற்றவாளியின் வருமானத்தைக் கொண்டு கணிக்கப்படும். அம்முறையில் சம்மாட்டிக்கும் கூலியாளுக்கும் நாட்கள் ஒன்றே. கட்டும் தொகை வெவ்வேறு.